மடத்து முற்றத்தில் ஒரு பெரட்டு

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் ஏதாவது பேச வேண்டுமென்று செயலாளர் கேட்டுக்கொண்டார். "அரை மணி நேரம் தந்தால் ஒரு மணி நேரம் பேசுவேன், பரவாயில்லையா?" என்றேன். மனிதர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். இனி அவர் பாடு.

வயதானவர்களுக்கு உதவி தேடிக் கொடுப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். எந்த வாசலில் போய் நிற்பது, யாரிடம் பேசுவது, யாரிடம் பேசாமல் இருப்பது எல்லாம் அவர்களே சொல்வார்கள். நான் அதைத் தொடப் போவதில்லை. எல்லா வாசலையும் தட்டி, உதவியும் கிடைத்து, கட்டிலும் கிடைத்த பிறகு, அதில் படுக்க வேண்டியவர் மட்டும் இருக்க மாட்டேன் என்று கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தால் என்ன செய்வீர்கள்? எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். தேயிலை விலை விழுந்து, கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது வயதானவர்களுக்கு உதவும் எங்கள் சங்கத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தது நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் கமிட்டி. கமிட்டி என்றால் தேத்தண்ணி, பிஸ்கட், அனுதாபம். உட்கார்ந்த கதிரையை விட்டு எழும்பாமல் அனுதாபப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு அன்றும் எரிச்சல், இன்றும் எரிச்சல். சங்கத்துக்கு வருமுன் ஹந்தானையில் தோட்டத்துப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்திருந்தேன். அதனால் தோட்டத்து ஆட்களுக்கு நான் எப்போதும் டீச்சரம்மாதான்.

ஒருநாள் ஹந்தானையிலிருந்து கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பினார். அங்கே தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் மூக்காயி என்றொருவர் தனியாக இருக்கிறார், ஏதாவது செய்ய முடியுமா என்று. குடையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். ஹந்தானைக்குக் குடையில்லாமல் போகிறவர் புத்திசாலியாக இருக்க முடியாது.

மூக்காயி கைக்குழந்தையாகத் தாயின் இடுப்பில் இந்தியாவிலிருந்து கப்பல் ஏறி வந்தவர். கூடை தூக்கும் வயது வந்ததும் கொழுந்து எடுக்கத் தொடங்கியவர். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். கண்ணில் பூ விழுந்து, இளங்கொழுந்தையும் முற்றின இலையையும் ஒன்றாகக் கூடையில் போட ஆரம்பித்ததும் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பிறகு அவர் இருந்த ஒற்றை அறையான காம்பராவையும் திருப்பிக் கேட்டார்கள். லயத்தில் ஒரு குடும்பத்துக்கே ஒரு காம்பராதான்; வேலை செய்யாத ஒற்றை ஆளுக்கு ஒரு காம்பரா என்பது தோட்டத்துத் துரைக்குப் பொறுக்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரே ஒரு வழிதான் வைத்திருந்தார்கள். ரயிலில் ஏற்றித் தலைமன்னாருக்கு, அங்கிருந்து கப்பலில் இந்தியாவுக்கு. "ஊருக்கு அனுப்புறோம்" என்பார்கள், என்னவோ கலியாண வீட்டுக்கு அனுப்புவது மாதிரி.

"ஊர்ல யாரு இருக்காங்க ஆத்தா?" என்று கேட்டேன்.

"யாரு இருக்கா? நான் வந்தப்ப எனக்குப் பல்லே மொளைக்கல. ஊரு பேரை எங்காத்தா ஒரு மாதிரி சொல்லும், எங்கப்பன் ஒரு மாதிரி சொல்லுவாரு. அங்க போயி இறங்கினா நாய்தான் வந்து யாருன்னு கேக்கும். இங்கயே எங்கயாச்சும் ஒரு மூலையில போட்டுருங்க டீச்சரம்மா."

அழவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார். நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகையால் என்று சமாளித்தேன்.

அதன் பிறகு நான் அலைந்த அலைச்சலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மகள் புசல்லாவையில் இருந்தாள். பஸ் ஏறிப் போனேன். மருமகன் நல்ல மனிதன். "வச்சுக்க மாட்டேன்னு சொல்லலீங்க. ராத்திரிக்கு எங்க படுக்க வைக்கிறதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றான். உள்ளே பிள்ளைகளுக்கு நடுவில் எனக்கே கால் வைக்க இடமில்லை. வாசலில் நின்றுதான் பார்த்தேன். கோயிலில் சோறு தருவார்கள், படுக்க இடம் கிடையாது. ஆஸ்பத்திரியில் "என்ன வருத்தம்?" என்று நோயின் பெயரைக் கேட்டார்கள். "வயசு" என்றேன். அதற்கு வாட்டு இல்லை என்றார்கள்.

கடைசியில் கிறிஸ்தவக் கன்னியர் நடத்திய முதியோர் மடத்துக்குப் போனேன். ஹந்தானைக்கு ஏறும் ரோட்டின் அடியில், பலாமரங்களுக்கு நடுவில் இருந்தது. அதன் தலைவியை எல்லாரும் மதர் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர். பேச்சில் கறார், மனதில் தங்கம்.

"ஓம், ஒரு கட்டில் கிடக்கு" என்றார். "கூட்டிக்கொண்டு வாரும். ஆனா பிள்ளை, இருக்க வாறவ இருக்க வேணும்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் வாங்கவே இல்லை. கட்டில் கிடைத்த சந்தோஷத்தில் கேட்டுக்கு வெளியே வந்து ரோட்டிலேயே சிரித்தேன்.

மூக்காயி ஒரு மூட்டையோடு வந்து சேர்ந்தார். கட்டிலைத் தடவிப் பார்த்தார், கம்பளியை மோந்து பார்த்தார், கஞ்சி குடித்தார், தூங்கினார். விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

மடம் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். கிணற்றடியைக்கூட எட்டிப் பார்த்திருக்கிறார்கள். உச்சிவேளைக்கு அவரே சாவகாசமாக வந்து, சாப்பாட்டு வரிசையில் நின்றார். எங்கே போனாய் என்று கேட்டதற்கு, "மேல பெரட்டுக்குப் போனேன்" என்று பதில்.

பெரட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் விடியற்காலையில் தப்புப் பறை அடிப்பார்கள். தொழிலாளர் எல்லாரும் களத்தில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, நீ இன்றைக்கு இந்த மலைக்கு, நீ அந்த மலைக்கு என்று கங்காணி அனுப்புவார். அதுதான் பெரட்டு. மூக்காயி அரைக்கண்ணோடு, பஸ்ஸும் லொறியும் ஓடுகிற ரோட்டில், இருட்டோடு இருட்டாக நடந்து போய், கொழுந்து எடுக்கும்போது கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றிருக்கிறார். உனக்கு இங்கே வேலை இல்லை ஆத்தா என்று கங்காணி சொன்னதும் திரும்பி வந்திருக்கிறார்.

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார்.

என்ன குறை என்று கண்டுபிடிக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! கஞ்சி பிடிக்கவில்லையோ என்று நினைத்துக் கருவாட்டுக் குழம்புக்கு ஏற்பாடு செய்தேன். சப்புக்கொட்டிச் சாப்பிட்டார், விடியற்காலையில் போய்விட்டார். வேதக்காரர் மடத்தில் இருப்பது சங்கடமோ என்று நினைத்துக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். மூன்று தரம் சுற்றி, பொங்கலை வழித்துத் தின்று, எனக்கும் திருநீறு பூசிவிட்டு, விடியற்காலையில் போய்விட்டார். மகளை நினைத்து ஏக்கமோ என்று புசல்லாவையிலிருந்து வரவழைத்தேன். தாயும் மகளும் நாள் முழுக்கப் பேசினார்கள். விடியற்காலையில் மகளுக்கு முன்னால் தாய் கிளம்பிவிட்டார்.

மதர் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, ஒரு நாளைக்கு அவ பஸ்ஸில அடிபட்டால் நான் ஆருக்குப் பதில் சொல்லுறது? கேற்றைப் பூட்டி வைக்கலாம். ஆனா பூட்டி வைச்சு ஒராளை நான் பாக்க மாட்டன். நாளைக்கு ஒரு நாள் பொறுப்பன், அதுக்குப் பிறகும் போனா, எனக்கு வேற வழியில்லை."

மதர் சொன்னது சரி. கேட்டைப் பூட்டினால் அதற்கு மடம் என்று பெயர் இல்லை. ஆனால் மடமும் கைவிட்டால் மூக்காயிக்கு மிச்சம் ரயில்தான். அன்றிரவு மடத்திலேயே தங்கினேன். கையைப் பிடித்து நிறுத்த எனக்கு மனமில்லை. கூடப் போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். இந்த ஒன்றை மட்டும் என்னிடமிருந்து கடனாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஓடிப் போகிறார் என்றால், எதைவிட்டு ஓடுகிறார் என்றே நாம் யோசித்துக்கொண்டிருக்கிறோம். எங்கே போகிறார் என்று கூட நடந்து பார்ப்பது லேசான காரியம், அதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை.

மலை ஏற ஏற எனக்கு மூச்சு வாங்கியது. மூக்காயி முன்னால் போய் நின்று எனக்காகக் காத்திருந்தார். "மெதுவா வாங்க டீச்சரம்மா, தப்பு அடிக்க இன்னும் நேரம் கெடக்கு" என்று எனக்கே ஆறுதல் வேறு.

களத்தில் பனி. தப்புச் சத்தம் கேட்டதும் லயங்களிலிருந்து ஆட்கள் வந்து கூடினார்கள். இளவயதுக் கங்காணி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மலைக்கு அனுப்பினார். கூட்டம் கரைந்து கடைசியில் மூக்காயி மட்டும் நின்றார். கங்காணிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன் ஆத்தா எங்க உசிரை வாங்குற? ஒனக்கு இங்க வேலை இல்ல, போ" என்றார். மூக்காயி "சரிங்க" என்று தலையாட்டினார். முகத்தில் வருத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. எனக்கு அது விளங்கவில்லை.

கணக்கப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர், துரை நேத்து இந்த அம்மாவைக் களத்துல கண்டுட்டாரு. நாளைக்கும் வந்து நின்னா, இந்த வாரம் இந்தியாவுக்குப் போற ஆளுகளோட அனுப்பிருங்கன்னுட்டாரு. நான் என்ன செய்ய?"

ஆக, மறுநாள் காலையில் மூக்காயி கேட்டைத் தாண்டினால் மேலேயும் கதவு அடைபடும், கீழேயும் கதவு அடைபடும். இறங்கும்போது கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"வேலை இல்லைன்னுதானே சொல்றாங்க? அதைக் கேக்கவா இவ்வளவு தூரம் ஏறி வர்றீங்க?"

"அவன் என்னையப் பாத்துச் சொல்றான்ல?" என்றார் மூக்காயி. "மடத்துல கஞ்சி குடுக்குறாங்க, கம்பளி குடுக்குறாங்க, ஒரு கொறை சொல்லக் கூடாது. ஆனா விடிஞ்சா, மூக்காயி நீ எங்க போறேன்னு யாரும் கேக்கலீங்களே. இத்தனை வருசமா ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கேக்கலைன்னா, நான் முழிச்சுட்டேனா, இல்ல ராவே போயிட்டேனான்னே எனக்குத் தெரியல டீச்சரம்மா."

ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கால் வலி என்று அவர் நினைத்தார். உண்மையில் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. கருவாட்டுக் குழம்பு வரைக்கும் யோசித்தோமே, இதை யோசித்தோமா?

இப்போது உங்களுக்கு ஒரு பகல்தான் இருக்கிறது. என்ன செய்வீர்கள்? கமிட்டியைக் கூட்டலாம். கூட்டினால் அடுத்த கிழமைக்குத் தேதி குறிப்பார்கள். எனக்கு அப்போது ஞாபகம் வந்தது மடத்தில் ஆண்கள் பக்கத்து மூலைக் கட்டில்.

அந்தக் கட்டிலில் வேலுக் கங்காணி இருந்தார். கலஹாப் பக்கம் பெரிய கங்காணியாக இருந்தவர். ஒரு மலையில் நின்று கூப்பிட்டால் மறு மலையில் கேட்கும் என்பார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு திக்காய்ப் போக, கடைசியில் மடத்துக்கு வந்தவர், வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கஞ்சியில் உப்பு கூட, கஞ்சியில் உப்பு குறைய என்பதைத் தவிர அவரிடம் வேறு பேச்சில்லை. கங்காணிமார் எல்லாரும் புண்ணியவான்கள் என்று நான் சொல்லமாட்டேன். இவரும் தன் காலத்தில் வாயாலேயே ஆளைச் சுட்டவர்தான். அதனால் பயந்துகொண்டேதான் பக்கத்தில் போனேன்.

"கங்காணியார், நாளைக்குக் காலையில நம்ம முற்றத்துல நீங்க ஒரு பெரட்டு வைக்கணும்."

சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "யாருக்கு?"

"இங்க இருக்கிறவங்களுக்குத்தான்."

"இதுல பாதி நடக்காது. மீதிக்குக் காது கேக்காது."

"அதுக்குத்தானே உங்க குரல்" என்றேன்.

ஆள் மெதுவாகத் திரும்பினார். என்னைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார். "என் கோட்டு எங்க?" என்றார்.

கோட்டு சாமான் அறை அலுமாரியில் இருந்தது. பூச்சி உருண்டை வாடை மூக்கைத் துளைத்தது. அதை உதறிக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "யாரையும் திட்டக்கூடாது."

"திட்டாம ஒரு பெரட்டா?" மனிதர் உண்மையிலேயே திகைத்துப் போனார்.

"சரி. கொஞ்சமா."

மதரிடம் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் சிரிப்பை அடக்குகிறார் என்று அர்த்தம். "என்ர மடத்தைத் தோட்டமாக்கப் போறீரோ? சரி, செய்யும் பாப்பம். ஆனா ஒருத்தரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. விருப்பமானவை மட்டும் வரட்டும்." நானும் அதையேதான் கேட்க இருந்தேன்.

விடியற்காலை. நான் சமையலறைப் பின்வாசலில் நின்றேன். மூக்காயி படங்கைக் கட்டிக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போகிறார். கேட்டின் கொக்கியில் கை வைத்துவிட்டார். கங்காணியைக் காணோம். கோட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தாராம்! நான் ஓடிப்போய்ப் பிடித்துவிடலாமா என்று ஒரு கால் எடுத்துவைத்தேன். வைத்த காலை அப்படியே நிறுத்திக்கொண்டேன். பிடித்தால் இன்றைக்கு நிற்பார். நாளைக்கு?

கொக்கி கழன்ற சத்தம் கேட்டது. அதே நேரம் வராந்தாவில் யாரோ தகரத்தில் ஓங்கி ஒரு அடி. மண்ணெண்ணெய்த் தகரம். பலாமரத்துக் காகங்கள் எல்லாம் கிளம்பிப் பறந்தன.

"ஏ மூக்காயி! பெரட்டை விட்டுட்டு ரோட்டுல என்ன சோலி ஒனக்கு?"

அந்தக் குரலைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய்யில்லை. எனக்கே கை கால் நேராகிவிட்டது. மூக்காயி கேட்டில் கை வைத்தபடி அப்படியே நின்றார். பிறகு திரும்பினார். சத்தம் வந்த திசையில் முகத்தைச் சாய்த்து நடந்து வந்து, முற்றத்தின் நடுவில் நின்று, படங்கை இழுத்துச் சரிசெய்தார்.

"எனக்கு எங்கீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன வேலை என்று நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. கங்காணியும் யோசிக்கவில்லை. அவர் வாய் திறந்தபடி முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். கிணற்றடியில் வல்லாரைப் பாத்தி ஒன்று மண்டிக் கிடந்தது.

"கெணத்தடி மலைக்குப் போ. வல்லாரை ஆயணும். முத்தின இலை வந்துச்சு, கொட்டி அனுப்பிருவேன்."

"முழு நாளா, அரை நாளா?"

"ஒழுங்கா ஆஞ்சா முழு நாள்!"

"ஆங்" என்றார் மூக்காயி. கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வல்லாரைக்குக் கண் தேவையில்லை, விரல் போதும். தடவித் தடவி இளசாக ஆய்ந்து போட்டார். அன்றைக்கு மடத்தில் எல்லாருக்கும் வல்லாரைச் சம்பல்.

சத்தத்துக்கு விழித்து வராந்தாவில் எட்டிப் பார்த்த மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். எனக்கு எங்கே, எனக்கு எங்கே என்று கேள்வி. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத சிங்களப் பெரியவர் ஒருவர் வரிசையில் வந்து விறைப்பாக நின்றார். கங்காணி கையைக் காட்டிய இடத்துக்குப் போய்ப் பலா இலைகளைக் கூட்டினார். கட்டிலை விட்டு எழும்ப முடியாத ஒரு அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவருக்கு முருங்கைக்கீரை உருவ அனுப்பினார்கள். வர மனமில்லாதவர்கள் படுத்தே இருந்தார்கள், அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபத்துக்குப் போகும் வழியில் ஓர் இளம் கன்னிகை வரிசைக்குக் குறுக்கே போய்விட, "இந்தா புள்ள, வரிசையில நில்லு!" என்று அதட்டல் விழுந்தது. அந்தப் பிள்ளையும் நின்றுவிட்டாள். மதர் அன்றைக்குக் கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார்.

செய்தி டவுனுக்குப் போய்விட்டது. எங்கள் சங்கத் தலைவர் புடவைக் கடை முதலாளி. நல்ல மனிதர், இளகின மனம், ஆனால் விசாரிக்குமுன் கோபப்படுவார். ஒருநாள் காலையில் நேரே மடத்துக்கு வந்து இறங்கினார்.

"என்ன டீச்சர் இது? காலம் முழுக்க ஒழைச்சவங்க. இங்கயாவது ஓய்வா இருக்கட்டும்னு பாத்தா, இங்கயும் பெரட்டு வச்சுக் கூலி வேலை வாங்குறீங்களாமே. நியாயமா இது?"

நான் பதில் சொல்ல வாயெடுக்குமுன் முற்றத்திலிருந்து குரல் வந்தது.

"அங்க யாரு கோட்டுப் போட்டவரு? நேரங்கழிச்சு வந்துட்டு என்ன பேச்சு? அந்தக் கதிரையெல்லாம் மழைக்கு முன்னாடி உள்ள எடுத்துப் போடுங்க!"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் மேகத்தைப் பார்த்தேன். மூக்காயி கையில் வல்லாரையோடு, "போடுங்க ஐயா, இல்லைன்னா அரை நாள்தான் கணக்கு" என்று அவருக்கு ஆலோசனை வழங்கினார். முதலாளி கதிரைகளை எடுத்து உள்ளே போட்டார். கடைசிக் கதிரையை வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டபோது முகத்தில் ஒரு சிரிப்பு. "கடையில என்னைய யாரும் இப்பிடி வேலை வாங்கறதில்ல" என்றார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அவர் கேட்ட கேள்வி தப்பில்லை. நீங்களும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓய்வு வேண்டியவருக்கு ஓய்வுதான் தர வேண்டும். ஆனால் எல்லாருக்கும் வேண்டியது ஓய்வுதான் என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம் பாருங்கள், அதுதான் எனக்கு ஆகாது. அதுவரை நான் டவுனில் போகிற இடமெல்லாம் "எங்கள் வயதானவர்களுக்கு என்ன தருவீர்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதன்பின் கேள்வியை மாற்றினேன். "உங்களுக்கு என்ன ஆள் வேண்டும்?" கோயிலில் பூக்கட்ட ஆள் வேண்டியிருந்தது. மாதா கோயிலில் பூசை நேரம் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. கலியாண வீடுகளில் அரிசி புடைக்க, வெற்றிலை அடுக்க ஆள் வேண்டியிருந்தது. மடத்து ஆட்கள் போனார்கள், பேசினார்கள், சாப்பிட்டார்கள், ஊர் வம்பையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்பு என்னைக் கண்டதும் தெருவின் மறுபக்கம் போனவர்கள், இப்போது கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

மூக்காயிக்கும் கங்காணிக்கும் தினமும் ஒரு வாய்ச்சண்டை நடக்கும். காலம் முழுக்கக் கங்காணிக்குப் பயந்து "சரிங்க" சொன்னவர் அந்த அம்மா. இங்கே ஒருநாள் கங்காணி கொஞ்சம் கூடவே அதட்டிவிட, "இங்க நீங்களும் கஞ்சிக்கு வரிசையிலதான் நிக்கிறீங்க கங்காணியாரே, பாத்துப் பேசுங்க" என்று ஒரு போடு போட்டார். மறுநாளிலிருந்து கங்காணி அவரை "மூக்காயிம்மா" என்றுதான் கூப்பிட்டார்.

இப்படியே மாதங்கள் போயின. மழைக்காலம் வந்தது. ஒரு விடியற்காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மடத்துக் காவல்காரர். "மூக்காயி பெரட்டுக்கு வரல. மதர் ஒடனே வரச் சொன்னாங்க."

வரவில்லை என்றால் இரண்டே அர்த்தம்தான் எனக்குத் தெரியும். குடை எடுக்கக்கூட மறந்து ஓடினேன். கேட் சாத்தியபடி இருந்தது. அப்படியென்றால் மலைக்குப் போகவில்லை. மற்றதை நினைக்கவே பயமாக இருந்தது. வராந்தாவில் எல்லாரும் கூடி நின்றார்கள். கங்காணி கோட்டின் பொத்தான்களைத் தாறுமாறாக மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். தகரம் தரையில் கிடந்தது. மதர் கையில் ஜெபமாலை. டாக்டருக்கு ஆள் போயிருந்தது. உள்ளே மூக்காயி கட்டிலில் மூடிக் கிடந்த கம்பளியைத் தொட ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

நான் பக்கத்தில் போய், "ஆத்தா" என்றேன்.

கம்பளி அசைந்தது. ஒரு கண் தெரிந்தது.

"என்னத்துக்கு இப்பிடிச் சத்தம் போடுறீங்க எல்லாரும்?"

"ஒடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. வெளியில மழையைப் பாத்தீங்கள்ல? குளிரு. இன்னிக்கு நான் வேலைக்கு வரல, கங்காணிக்கிட்ட சொல்லிருங்க."

நான் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நனைந்த சேலையோடு சிரித்தேன். அழுகையும் கூடவே வந்தது, மறைக்கவில்லை. எந்த மழையிலும் எந்தக் காய்ச்சலிலும் களத்தில் போய் நின்ற அந்த அம்மா தன் வாழ்நாளில் தானாக எடுத்த முதல் லீவு அது. டாக்டர் பையோடு வந்து, யாருக்கு வருத்தம் என்று கேட்டார். "ஒருத்தருக்கும் இல்லை டொக்டர். வந்ததுக்கு ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார் மதர்.

கங்காணி மட்டும் வாசலை விட்டு அசையவில்லை. குரலைக் கடுமையாக்கப் பார்த்தார், அது சரியாக வரவில்லை.

"யாரைக் கேட்டு லீவு? நாளைக்காவது வருவியா?"

மூக்காயி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கம்பளிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"வராம? நான் வேற எங்க போகப் போறேன்?"